மூன்று மணிக்குப் பூட்டிக்கொள்ளும் திரை

தோட்டத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மனம் விட்டுப் பேச எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கொழும்பில் தலைமை ஆபீஸில் உட்கார்ந்தபடி டெலிபோன் வயர் வழியாக என் கம்ப்யூட்டருக்குள் வந்து போகிறவர் அவர். அவரை நான் எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று இத்தனை வருடமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் கொட்டகலையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அந்த ஆபீஸுக்குள் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆபீஸில் பெரிய கிளாக்கர், இரண்டு சின்னக் கிளாக்கர்மார், ஸ்டோர்காரர் என்று நான்கு பேர். கெட்டவர்கள் இல்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பகல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன. ஐந்தாவது ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் பழைய கணக்குப் புத்தகங்கள் அடுக்கிய பின்னறையில் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

லயத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? என்னோடு ஒன்றாகப் படித்தவர்கள் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஆபீஸம்மா வாறாங்க, வழிய விடுங்கடி" என்று குடத்தோடு ஒதுங்கி நிற்பார்கள். கேலிதான், எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் குடம் நிரம்பி நான் திரும்பும்வரை அவர்கள் பேச்சு நின்றிருக்கும். நான் நாலு எட்டு வைத்த பிறகுதான் திரும்பத் தொடங்கும்.

அம்மாவிடம் சொல்லலாம் என்றால், அம்மா மலையில் கூடை சுமக்கும் அத்தனை பேரிடமும் "எம்புள்ள கொழும்போட பேசுது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமைக்காக எத்தனை வருடம் கூடை தூக்கினார் என்று எனக்குத் தெரியும். அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. கொழும்புதான் என்னோடு பேசியது.

ஏழெட்டுத் தோட்டங்களின் கம்ப்யூட்டர்களைத் தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் பகல் மூன்று மணிக்கு அவர் தன் மேசையில் இருந்தபடி, என் பெயரிலேயே எங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பார். இங்கே வந்து உட்கார்ந்ததுபோலவே எல்லாம் செய்யலாம். கொழுந்து நிறைகளை எடுத்துக்கொள்வார், பிழைகளைத் திருத்துவார். அந்த நேரம் என் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். அவர் செய்வதை நான் பார்க்க முடியாது. நான் உள்ளே போனால் அவர் வெளியே தள்ளப்படுவார். ஒரே நேரத்தில் இருவர் உள்ளே இருக்க அந்தக் கம்ப்யூட்டர் விடாது.

ஒரு நாள் அவர் போன பிறகு திரையைத் திறந்தால், நோட்பேடில் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது. "பிழையைத் திருத்தியாச்சு. நாளைக்கு ஒருக்கா பாரும்." கீழே நான் "நன்றிங்க அக்கா" என்று அடித்து அப்படியே விட்டேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் எந்தத் தைரியத்தில் அக்கா என்று எழுதினேனோ தெரியாது. மறுநாள் பதில் இருந்தது: "அக்கா எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்? உங்கட பக்கம் மழையோ?"

அப்படித்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் ஒரு அறையில் தனியாக இருந்தார். தம்பிமார் இருவரும் வெளிநாடு. என்னை அவர் "நீர்" என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வேதக்கோயில் ஜெபத்தில்தான் யாரையாவது நீர் என்று கூப்பிடுவார்கள். அதை எழுதியே விட்டேன். "அப்ப நான் கும்பிடுறன் எண்டு வைச்சுக்கொள்ளும்" என்று பதில் வந்தது.

பெரிய விஷயம் எதுவும் எழுதவில்லை. அறைக்காரம்மா அவிக்கும் புட்டு கல்லுமாதிரி இருக்கிறது, பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன், இப்படி. ஒருமுறை மட்டும் எழுதினார்: "இந்த வேலை போனால் ஆபீஸ் அட்டையும் போயிடும். செக்பொயின்ற்றில என்னைக் காப்பாத்துறது அந்த அட்டைதான்." யுத்தம் திரும்பத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், கொழும்பில் தனியாக இருந்த ஒரு தமிழ்ப் பெண் அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நான் அவர் எழுதியதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்தேன். மூன்று மணிக்குத் திரை பூட்டிக்கொண்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான்.

இனி என் முட்டாள்தனம். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்திய அன்று, "ஒருபோதும் மறக்காத ஒன்றைக் கடவுச்சொல்லாகப் போடு" என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் மறக்காதது என்ன இருக்கிறது? அம்மாவின் செக்ரோல் நம்பர்.

தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நம்பர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த நம்பரைக் கூப்பிட்டுத்தான் எந்த மலை என்று பிரிப்பார்கள். மாவுக்கு அந்த நம்பர், மருந்துக்கு அந்த நம்பர். பிள்ளை பிறந்தால் எந்த நம்பருக்குப் பிறந்தது என்றுதான் எழுதுவார்கள். என் பெயர் எனக்குத் தெரியும் முன்பே அந்த மூன்று இலக்கம் தெரியும். ஒவ்வொரு விடியலும் அறுநூறு பேருக்கு நடுவே உரக்கக் கூப்பிடப்படும் நம்பரை இரகசியம் என்று வைத்த புத்திசாலி நான். அதோடு, அக்கா உள்ளே வருவதற்காக ரூட்டரில் ஒரு வாசலை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தார்கள். அக்காவுக்குத் திறந்த வாசல் ஊருக்கெல்லாம் திறந்த வாசல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குத் திரை பூட்டவில்லை. நான்கு மணிக்கும் இல்லை. செவ்வாயும் புதனும் அப்படியே. அந்தக் கிழமை கொழும்பில் தமிழர்கள் தங்கும் லொட்ஜ்களைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். தலைமை ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டால், நீ ஏன் கேட்கிறாய், உனக்கும் அவருக்கும் என்ன பேச்சு என்று வரும். அக்காவுக்கு என்னால் வினை வரக்கூடாது என்று ரிசீவரைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் கொழுந்து நிறை அடித்துக்கொண்டிருக்கும்போதே, திரை பட்டென்று பூட்டிக்கொண்டது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருக்கிறார், அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, மெஷின் படுத்துக்கிச்சா?" என்று பெரிய கிளாக்கர் கேட்டார். "கொழும்பு மிஸ் வேல பாக்குறாங்கய்யா" என்றேன். பிறகு திறந்து பார்த்தேன். நோட்பேட் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

எழுதப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், அதனால்தான் நேரம் மாறி வருகிறார் என்று நானே ஒரு கதை கட்டினேன். "அக்கா, நீங்க வந்ததே போதுங்க. ஒன்னும் எழுத வேணாம்" என்று அடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரை பூட்டியது. திறந்தபோது என் கடிதம் மூடப்பட்டிருந்தது. படித்துவிட்டு மூடியிருக்கிறார் என்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்று நான் நீளமாக எழுதினேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதினேன். பின்னறையில் நின்று சாப்பிடுவதை எழுதினேன். சில நாள் காலையிலிருந்து மாலைவரை ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை, என் குரல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய புத்தகத்தில் உள்ள நம்பர்களை வாய்விட்டு வாசிப்பேன் என்றும் எழுதினேன். "நீங்க இல்லாத மூணு நாளும் எனக்கு மூச்சு முட்டிச்சுங்க" என்று முடித்தேன். பதினொன்றரைக்குத் திரை பூட்டியது. திறந்தபோது அதுவும் இல்லை. சேமிக்காமல் மூடப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை கொழுந்து நிறை ப்ரோகிராம் திறக்கவே இல்லை. ஆமை வேகத்தில் திரை வந்தது. வந்த திரையில், உள்ளே போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலில், எனக்குத் தெரியாத ஒரு பெயர், என் பெயருக்குக் கீழே, புதிதாக. அப்போதுதான் போனை எடுத்தேன். அக்காவுக்கு மேலே இருந்த சிங்கள ஐயாதான் பேசினார். மிஸ்ஸுக்கு அம்மை போட்டிருக்கிறது, எட்டு நாளாக லீவு என்றார்.

"அப்ப வியாழக்கிழமை உள்ளுக்கு வந்தது யாருங்க சேர்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"இங்கிருந்து யாரும் வரவில்லையே" என்றார். பிறகு, "முதலில் சுவரில் இருக்கும் வயரைப் பிடுங்கு" என்றார்.

பிடுங்கினேன். அந்த வயரைக் கையில் பிடித்தபடி நின்றது நன்றாக நினைவிருக்கிறது. நான் அத்தனையும் எழுதியது யாருக்கு? எந்த நாட்டில் இருக்கிறானோ, என் மொழி தெரியாத ஒருவன் என் கடிதத்தை ஒரு தொல்லையாக நினைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். திருடன் வந்ததைவிட அதுதான் என்னைச் சுட்டது.

புதன்கிழமை அந்த ஐயா வேனில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். யார் எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார்கள் என்று அது தானாகக் குறித்துவைக்குமாம். நிமிடத்துக்கு நிமிடம் யாரோ ஒரு மெஷினை வைத்து நம்பர் நம்பராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை சரியான நம்பர் விழுந்திருக்கிறது.

"என்ன நம்பர் அது?" என்றார்.

சொன்னேன். பின்னாலிருந்து பெரிய கிளாக்கர், "அட, அது ஒங்கம்மா நம்பருல்ல!" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. போனை எடுத்து மற்றத் தோட்டங்களில் என்னைப்போல் வேலை செய்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டார். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒருத்தி அப்பாவின் நம்பர். இன்னொரு தோட்டத்தில் அம்மாவின் நம்பர். லயத்திலிருந்து வந்த அத்தனை பேரும் அதையேதான் செய்திருந்தோம். ஐயா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திருடன் என்னென்ன தொட்டான் என்று பார்த்துக்கொண்டே போனவர், என் ஃபோல்டரைத் திறந்தார். ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. அவருக்கு விளங்கியது ஒரே ஒரு சொல், அக்கா. அது சிங்களத்திலும் அக்காதான்.

"யார் இந்த அக்கா? இது என்ன பாஷை?"

கொழும்பிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் யாருக்கும் புரியாத எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதே கம்ப்யூட்டருக்குள் திருடன் வந்திருக்கிறான். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கதை கட்ட அந்தக் காலத்தில் யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். நான் மூன்று நாள் கட்டிய கதையைவிட அது நன்றாகவே பொருந்தும். அக்காவின் ஆபீஸ் அட்டை நிற்பதும் போவதும் இப்போது என் வாயில் இருந்தது.

"நம்ம ஆபீஸ் மிஸ்தான் சேர். தமிழ்தான். வாசிச்சு சிங்களத்துல சொல்றேன்" என்றேன்.

வாசித்தேன். பெரிய கிளாக்கர், சின்னக் கிளாக்கர்மார், ஸ்டோர்காரர் எல்லோரும் நிற்க, ஒவ்வொரு கடிதமாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். இன்று மழையா. புட்டு கல்லாகிவிட்டது. நீர் சாப்பிட்டீரா. நேற்று ஏன் பதில் இல்லை, கோபமா. குடை கிடைக்கவில்லை. நீர் எழுதாவிட்டால் எனக்கு மூன்று மணி போகாது. அந்த வரி வந்தபோது சின்னக் கிளாக்கர்மாரில் ஒருவர் மெதுவாக வெளியே போய்விட்டார். இருபது கடிதம் இருக்கும். ஐயா கையை உயர்த்தினார்.

"போதும் மகள்" என்றார். நல்ல மனிதர். "இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கண்ணில் பட்டதுபோல வேறு யார் கண்ணிலாவது பட்டிருந்தால்..." என்று நிறுத்தினார். "நீயே அழித்துவிடு."

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அக்காவின் வேலைக்காக அந்த நேரம் இன்னும் எதையும் அழித்திருப்பேன், அதனால் யோசிக்காமல் அழுத்தினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஒன்றையாவது காகிதத்தில் எழுதி வைத்திருக்கலாமே என்று அழுதேன்.

அடுத்த இரண்டு நாளில் அந்த ஐயா எல்லாவற்றையும் அடைத்தார். ரூட்டரில் திறந்திருந்த வாசலை மூடினார். தலைமை ஆபீஸிலிருந்து மட்டும், அதுவும் பூட்டிய ஒரு தனி வழியாக மட்டும், உள்ளே வரலாம் என்று மாற்றினார். மூன்று தடவை பிழையாக அடித்தால் அரை மணி நேரம் கதவு திறக்காது. மிஸ்ஸுக்குத் தனிப் பெயர், தனி இடம், எனக்குத் தனி. "இனி அவர் வேலை செய்த இடம் உனக்குத் தெரியாது, உன் இடம் அவருக்குத் தெரியாது. அதுதான் பாதுகாப்பு" என்றார். முறையான வேலை, குறை சொல்ல முடியாது. இன்றைக்கு நானே நாலு இடத்தில் அதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

அக்கா குணமாகி வந்தார். மூன்று மணிக்கு இப்போது ஒரு சின்னப் பெட்டி வரும்: இன்னார் உள்ளே வரக் கேட்கிறார், விடலாமா? நான் ஆம் என்பேன். திரை போய்விடும். அரை மணியில் திரும்பி வரும். நான் விட்ட இடத்தில், விட்ட மாதிரியே, ஒரு தூசு கலையாமல் இருக்கும்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அதுதான் அவர் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது. மெல்லிய குரல் என்று நினைத்திருந்தேன். கரகரத்த, பெரிய குரல். பின்னால் டைப் அடிக்கும் சத்தமும் வேறு ஆட்களின் பேச்சும் கேட்டன.

"வணக்கம். தலைமை ஆபீஸில இருந்து கதைக்கிறன். எல்லாத் தோட்டத்துக்கும் சொல்லிக்கொண்டு வாறன். நீங்கள் இண்டைக்குப் புதுக் கடவுச்சொல் வைக்க வேணும்."

நீங்கள் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க மிஸ்" என்றேன்.

"நம்பர் வேண்டாம். வீட்டு ஆக்களின்ர பேர் வேண்டாம். ஊரில ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டா இருக்க வேணும். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. எனக்கும் சொல்லக் கூடாது. விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"யோசிச்சு ஆறுதலா மாத்துங்கோ. நாளைக்கு எடுத்துக் கேக்கிறன்."

"வேணாங்க. இப்பவே மாத்திடறேன். கொஞ்சம் இருங்க."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தேன். கம்ப்யூட்டர் இன்னொரு தரம் கேட்டது. இன்னொரு தரம் அடித்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"மாத்திட்டேங்க."

"இவ்வளவு கெதியாவோ? ஒருத்தருக்கும் தெரியாத விஷயமோ எண்டு வடிவா யோசிச்சனீங்களோ?"

"யோசிக்க ஒன்னும் இல்லீங்க. எனக்கு அப்படி நெறைய இருக்குங்க" என்றேன்.

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த தோட்டத்துக்கு எடுக்க வேணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.